மனச்சோர்வுக்கு ஒரு புள்ளி போதாது: அக்குபங்சர் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் அக்குபங்சர் சான்றிதழ், பட்டயப் பயிற்சிகள் நடத்தும் மையங்களின் பாடத்திட்டப் பொறுப்பாளர்களுக்கு,

உங்களில் பலர் பாடத்திட்டத்தில் மனச்சோர்வைச் சேர்த்திருக்கிறீர்கள். சேர்த்ததை நாங்கள் எதிர்க்கவில்லை. சேர்த்திருக்கும் விதத்தைத்தான் எதிர்க்கிறோம். எங்கள் கைக்கு வந்த கையேடுகளில் அந்தப் பாடம் ஒரே பக்கம், சிலவற்றில் அரைப் பக்கம். கல்லீரல் ஆற்றல் தேங்குவதால் மனச்சோர்வு வருகிறது. காலில் உள்ள லிவர் 3 என்ற அக்குபங்சர் புள்ளியைத் தொடு. மூன்று முறை வரச்சொல். மாத்திரையை நிறுத்தச் சொல். நிறுத்தியபின் வருகிற தொந்தரவெல்லாம் கழிவு வெளியேற்றம், பயப்படாதே என்று சொல். பாடம் இவ்வளவுதான். இதற்குச் சீன மருத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இதில் முதல் வரி கால்வாசி உண்மை. கடைசி இரண்டு வரிகள் ஆளைக் கொல்லக்கூடியவை. எனவே கடைசியிலிருந்தே தொடங்குகிறோம்.

எஸ்கிடலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைப் பல வாரம் சாப்பிட்டவர் ஒரேநாளில் நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் தலைசுற்றல், குமட்டல், வியர்வை, தெளிவான கெட்ட கனவுகள், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் தொடங்கும். தலைக்குள் மின்சாரம் வெட்டியதுபோல் இருக்கிறது என்பார்கள். பராக்ஸெட்டினும் வென்லாஃபாக்சினும் உடலைவிட்டு வேகமாக இறங்குபவை, அதனால் அவற்றில் இது கடுமை. ஃப்ளூவாக்ஸெட்டின் மெதுவாக இறங்குவதால் தொந்தரவு தாமதமாக, லேசாக வரும். மருந்துக்குப் பழகிப்போன நரம்பு மண்டலம், மருந்து திடீரென்று இல்லாமல் போனதும் தடுமாறுகிறது. அவ்வளவுதான் விஷயம். எந்தக் கழிவும் எங்கும் வெளியேறவில்லை. குளோனசெபம், அல்பிரசோலம் வகைப் பதற்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். இருதுருவ நோய்க்கு லித்தியம் எடுப்பவர் சட்டென்று நிறுத்தினால் பித்து நிலை திரும்பும் ஆபத்து கூடுகிறது.

இவற்றைக் கழிவு என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட மாணவர், நோயாளி மோசமாவதைப் பார்த்துச் சிகிச்சை வேலை செய்கிறது என்று மகிழ்கிறார். அடையாளம் கண்டு அவசரமாகச் செயல்பட வேண்டிய நேரத்தில், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இதைவிட மோசமானது பிறகு வருவது. மாத்திரை நின்று ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பழைய நோய் திரும்பும்போது, அதை நிறுத்திய மாத்திரையோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மன உறுதி இல்லை என்று வீட்டார் நோயாளியையே திட்டுகிறார்கள்.

இப்படி ஒரு கழிவுக் கொள்கை சீன மருத்துவத்தின் மனச்சோர்வுப் பாடத்தில் எங்கும் கிடையாது. வியர்க்கவைத்தல், வாந்தியெடுக்கவைத்தல், பேதியாக்குதல் என்ற மூன்று முறைகளைப் பெரிதாகக் கையாண்டவர் 12-13ஆம் நூற்றாண்டின் சீன மருத்துவர் ஜாங் ட்ஸூஹே. அவர்கூட மருந்து கொடுத்து, அளவு பார்த்து, தாமே அதை வரவழைத்தார். தானாக வருகிற எந்தக் கோளாறையும் நல்ல அறிகுறி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

இனிப் பாடத்தின் முதல் வரிக்கு வருகிறோம்.

சீன மருத்துவம் இந்த நோயை 'யூ' என்ற சொல்லுக்குக் கீழே வைக்கிறது. அந்தச் சொல்லின் பழைய எழுத்து வடிவத்துக்கு 29 கோடு. அதன் தலையில் மரத்தைக் குறிக்கும் வடிவம் இரண்டு பக்கமும் நிற்கும். அடர்ந்து, நெருங்கி, காற்றும் வெளிச்சமும் புகாமல் மண்டிக்கிடக்கும் புதர்தான் அந்தச் சொல்லின் படம். தேக்கம், அடைப்பு, உள்ளேயே புழுங்குதல் ஆகிய மூன்று பொருளும் அதில் உண்டு. சீன மருத்துவத்தின் பழைய மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங்கின் சூவென் பகுதி, ஐந்து மூலகங்களுக்கும் ஐந்து விதத் தேக்கத்தைச் சொல்லி, மரத்தின் தேக்கத்துக்கு வழி திறந்துவிடு, அது தன் திசையில் போய்ச்சேரட்டும் என்கிறது. கல்லுக்கு அடியில் முளைத்த கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதை இழுத்தால் அறுந்துபோகும், வெட்டினால் செத்துப்போகும். கல்லை நகர்த்திவிட்டால் அதுவே மேலேறும். கல்லீரலை மரத்தோடு சேர்த்ததன் காரணம் இந்த இயல்புதான்: வளைவது, நிமிர்வது, பரவுவது.

நம் கையேடுகளில் பல, சீனத்தின் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற வரிசையை நம் பஞ்சபூதமாக மாற்றிக்கொண்டன. மரத்தின் இடத்தில் ஆகாயம், உலோகத்தின் இடத்தில் காற்று. மாணவருக்குப் பழகிய பெயர் என்று செய்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் ஆகாயம் வளர்வதில்லை, எதிலும் முட்டி நிற்பதில்லை. உலோகம் மரத்தை வெட்டும் என்பது புரியும். காற்று ஆகாயத்தை எப்படி அடக்கும் என்று மாணவர் கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. மனச்சோர்வு என்ற பாடத்தின் முதுகெலும்பே மரத்தின் தேக்கம். மரத்தை எடுத்துவிட்டு அந்தப் பாடத்தை நடத்துவது, அஸ்திவாரத்தைத் தோண்டிவிட்டு மாடி கட்டுவது.

இன்னொரு குழப்பம், கல்லீரல் என்ற சொல்லே. சீன மருத்துவம் கல்லீரல் என்னும்போது, உடம்பெங்கும் 'சி' என்ற உயிராற்றல் தடையின்றிப் பரவும்படி பார்த்துக்கொள்ளும் ஒரு பொறுப்பைச் சொல்கிறது. அதை விளக்காமல் உங்கள் கல்லீரல் பாதித்திருக்கிறது என்று சொன்னால், நோயாளி நேராக ரத்தப் பரிசோதனைக்கு ஓடுகிறார். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்று அக்குபங்சரை நம்பாமல் போகிறார், அல்லது பரிசோதனையை நம்பாமல் போகிறார். இரண்டுமே கெடுதல்.

சரி, தேக்கம் மட்டும்தான் மனச்சோர்வா? இல்லை. உங்கள் பாடம் முழுதாகத் தவறுகிற இடம் இதுதான்.

யுவான் காலத்தின் ஜூ டான்ஷி (1281–1358) ஆறு தேக்கங்களைப் பிரித்தார்: சி, ஈரம், கபம், வெப்பம், ரத்தம், உணவு. அவருடைய யுவேஜூ மாத்திரையில் ஐந்தே சரக்குகள், எல்லாம் சம அளவு. 17ஆம் நூற்றாண்டில் ஜாங் ஜிங்யுவே இன்னும் கூர்மையாகப் போனார். நோயால் வந்த தேக்கம் வேறு, தேக்கத்தால் வந்த நோய் வேறு என்றார். மனத்தால் வரும் தேக்கத்தைக் கோபம், ஓயாச் சிந்தனை, கவலை என்று மூன்றாக்கினார். மூன்றாவதான கவலைத் தேக்கம் முழுக்க முழுக்கப் பலவீனம், அதில் வெளியேற்றுவதற்கு எதுவுமே இல்லை என்று எழுதினார். இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கவலையால் உருக்குலைந்து, சாப்பாடு இறங்காமல், எலும்பும் தோலுமாக வருகிறவருக்கு லிவர் 3ஐயும் கையிலுள்ள எல்.ஐ. 4ஐயும் பலமாகத் திருகிக் கலைக்கும் முறையில் ஊசி போட்டால், இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் கலைக்கிறோம். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய் இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்கிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இன்று சீனாவின் உள்மருத்துவப் பாடநூல்கள் யூ நோயை ஆறு வகையாகப் பிரித்துக் கற்பிக்கின்றன. சி தேங்கிய வகையில் விலாவும் நெஞ்சும் இறுகும், அடிக்கடி பெருமூச்சு வரும், மாதவிலக்கு முன்னால் எல்லாம் கூடும். நாடி தந்திபோல் இருக்கும், வீணையின் இழுத்துக் கட்டிய தந்திமேல் விரல் வைத்த மாதிரி. இதற்குச் சாய்ஹு ஷூகான் கஷாயம். இதே தேக்கம் சூடாக மாறினால் வாய் கசக்கும், கண் சிவக்கும், மலம் இறுகும், நாக்கு சிவந்து மஞ்சள் படியும். அங்கே டான்ஜீ சியாவ்யாவ் கஷாயம். கபமும் சியும் சேர்ந்து தேங்கினால் தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கும், துப்பினாலும் வராது, விழுங்கினாலும் இறங்காது. இதற்கு பான்ஷியா ஹௌபோ கஷாயம். ஆனால் சோறே சிக்குகிறது என்று ஒருவர் சொன்னால் அது இந்த வகை அல்ல, அவரை உடனே தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த ஒரு கேள்வியை எந்தக் கையேட்டிலும் நாங்கள் பார்க்கவில்லை.

மீதி மூன்றும் பலவீன வகைகள். காரணமில்லாமல் அழுவதும் ஓயாமல் கொட்டாவி விடுவதுமாக இருந்தால் கான்மாய் தாட்ஸாவ் கஷாயம். ஹான் காலத்தின் ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்த மூன்று சரக்கு: அதிமதுரம், கோதுமை, சீன இலந்தை பத்து. நெஞ்சு படபடத்து, மறதி வந்து, பசி போய், நாக்கு வெளுத்திருந்தால் குய்பி கஷாயம். இரவில் வியர்த்து, உள்ளங்கை எரிந்து, இடுப்பு வலித்து, நாக்கு படிவில்லாமல் சிவந்திருந்தால் இதயம், சிறுநீரகம் இரண்டின் யின்னும் (உடம்பைக் குளிர்வித்து ஈரமாக வைப்பது) வற்றியது. அங்கே தியான்வாங் பூஷின் மாத்திரை.

மூலிகை எங்கள் பாடத்தில் இல்லை, ஊசி மட்டும்தானே என்பீர்கள். ஆனால் உங்கள் மாணவர்கள் இந்த மருந்துகளை இணையத்தில் வாங்கி நோயாளிக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே சில விஷயங்கள் அவர்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சீன இலந்தையைப் பேரீச்சை என்று மொழிபெயர்த்துக் கொதிக்கவிடுவது தவறு, இரண்டும் வேறு மரம். அதிமதுரத்தை வாரக்கணக்கில் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும். சாய்ஹு என்ற மூலிகை நீண்ட நாள் போனால் கல்லீரல் யின்னை உலர்த்தும் என்று சீன மருத்துவர்களே எச்சரித்திருக்கிறார்கள். சியாவ்யாவ் கஷாயத்தில் உள்ள டாங்குய் என்ற மூலிகை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தக் கசிவைக் கூட்டும். தியான்வாங் பூஷின் மாத்திரைக்குப் பழைய முறையில் மேல்பூச்சு ஜூஷா. நம் சித்த மருந்தில் இலிங்கம் என்கிறோமே, அதே பாதரசக் கனிமம். மேல்பூச்சில் ஜூஷா இருக்கிறதா என்று கேட்காமல் அந்த டப்பாவை யாருக்கும் நீட்டக்கூடாது.

ஊசிக்கு வருவோம். எந்த வகையானாலும் அடித்தளமாக உச்சந்தலையின் பாய்ஹுய், புருவமத்தியின் யின்தாங், மணிக்கட்டின் ஷென்மென், முன்கையின் நெய்குவான் ஆகியவற்றை எடுப்பது வழக்கம். தேக்கத்துக்குத் தாய்சோங் (லிவர் 3), கபத்துக்கு ஃபெங்லோங் (எஸ்.டி. 40), பலவீனத்துக்கு ட்ஸூசான்லி (எஸ்.டி. 36), சான்யின்ஜியாவ் (எஸ்.பி. 6), யின் வற்றியவருக்குத் தாய்ஷி (கே 3) என்று வகைக்கு ஏற்பச் சேர்க்கிறோம். கர்ப்பிணிக்கு எல்.ஐ. 4, எஸ்.பி. 6 இரண்டும் விலக்கு.

பாய்ஹுய் ஒன்றையே கொஞ்சம் அருகில் பாருங்கள். இரு காதுகளின் நுனியையும் தலைமேல் ஒரு கோட்டால் இணைத்தால், அது நடுக்கோட்டை வெட்டும் இடம். 0.25 மி.மீ. கனமும் 25 மி.மீ. நீளமும் உள்ள ஊசி. முடியை விரலால் விலக்கி, தோலோடு ஏறக்குறைய 15 பாகைச் சாய்வில், பின்பக்கம் நோக்கி 0.5 முதல் 0.8 சுன் (ஒரு சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் அகலம்) படுக்கையாக நுழைக்க வேண்டும். சரியான அடுக்கில் போனால் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். விறைப்பாகத் தட்டி, நோயாளி முகத்தைச் சுளித்தால் இறுக்கமான அடுக்கில் மாட்டியிருக்கிறது. அங்கே அழுத்தாமல், சற்றே இழுத்துக் கோணம் மாற்ற வேண்டும். 20 முதல் 30 நிமிடம் வைத்து எடுத்தபின் பஞ்சால் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும், தலைத்தோல் எளிதில் கசியும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றுவது சற்று அதிகம். அவர்கள் பலர் வெறும் வயிற்றில் வருவார்கள், மயக்கம் வரும். ஏதாவது சாப்பிடவைத்து, படுக்கவைத்துத்தான் தொடங்க வேண்டும்.

தோள்மேட்டின் ஜியான்ஜிங்கிலும் முதுகின் ஷின்ஷூ, பிஷூ போன்ற புள்ளிகளிலும் நேராக ஆழம் போனால் நுரையீரல் உறை துளைபடும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம், அப்போது நோயாளி வீட்டில் இருப்பார். முதுகில் சாய்வாக 0.5 முதல் 0.8 சுன்னுக்கு மேல் போகக்கூடாது. தொண்டைக்குழியின் தியான்துவைப் புதிய மாணவருக்குச் சொல்லித்தரவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. தொண்டையில் ஒட்டியிருக்கும் உணர்வுக்கு நெய்குவானும் ஃபெங்லோங்குமே போதும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் பாடத்தில் வையுங்கள், முழுதாக வையுங்கள். 2013இல் இங்கிலாந்தில் 755 பேரிடம் நடந்த சோதனையில், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு அமர்வு வரை ஊசி போட்டார்கள். மூன்றாம் மாதத்தில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் சுமார் இரண்டரை குறைந்திருந்தது. மதிப்பெண் அளவு 0 முதல் 27 வரை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊசி போட்ட குழுவில் யாரையும் மாத்திரையை விடச் சொல்லவில்லை. ஊசி, வழக்கமான சிகிச்சைக்கு மேலே சேர்ந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பு 64 ஆய்வுகளை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. பலன் இருக்கலாம், ஆனால் போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறிது, சான்றின் தரம் குறைவு என்றது. இதில் எங்களுக்கு வெட்கமில்லை. உதவக்கூடிய ஒரு துணைச் சிகிச்சை என்று நேர்மையாகச் சொல்லலாம். மூன்று முறை தொட்டால் மாத்திரை வேண்டாம் என்று சொல்ல மட்டும் இவற்றில் எதுவும் இடம் தரவில்லை.

நோய் கண்டறிதலில் இன்னொரு ஓட்டை. முகம் வெளுத்து, சோர்ந்து, மறதியோடு வருகிறவரைக் குய்பி வகை என்று எழுதிவிடுகிறோம். அவருக்கு ரத்தசோகையோ, தைராய்டு குறைவோ, பி12 குறைவோ இருக்கலாம். மூன்றும் இதே முகத்தோடுதான் வரும். ஹீமோகுளோபினை ஊசி ஏற்றாது. தமிழில் ஒரு சிக்கலும் சேர்கிறது: வேலைப்பளுவுக்கும் இந்த நோய்க்கும் ஒரே மன அழுத்தம் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். அதனால் சாகத் தோன்றுகிற ஒருவரும் வேலைக் களைப்பில் இருக்கிற ஒருவரும் ஒரே பாயில் படுக்கவைக்கப்படுகிறார்கள்.

சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பது எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற பயம் பயிற்றுநர்களிடமே இருக்கிறது. அது தவறு. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. 18ஆம் நூற்றாண்டின் யே தியான்ஷியின் மருத்துவப் பதிவுகளில்கூட, யூ நோய் தீர்வது நோயாளியின் மனம் இடம் மாறுவதைப் பொறுத்தது என்ற வரி இருக்கிறது. மருந்தோடு மட்டும் இது முடியாது என்று அன்றைக்கே ஒப்புக்கொண்ட மருத்துவம் இது. பேசுவதற்கான இடத்தை ஊசியால் நிரப்பலாம் என்று அதன் பெயரில் சொல்லாதீர்கள்.

2019இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. அதற்காக எத்தனை ஆண்டு காத்திருந்தோம் என்பது உங்களுக்கும் தெரியும். ஒரு மனநல மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தும் உரிமையை அந்த ஏற்பு நம்மில் யாருக்கும் தரவில்லை.

எங்கள் கோரிக்கைகள்:

அடுத்த அணிக்குச் சேர்க்கை தொடங்கும் முன், மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வரியையும் கழிவு வெளியேற்ற விளக்கத்தையும் மனச்சோர்வுப் பாடத்திலிருந்து நீக்குங்கள். இதில் பேரத்துக்கு இடமில்லை. ஏற்கெனவே படித்துப்போன மாணவர்களுக்கும் திருத்தத்தை எழுத்தில் அனுப்புங்கள். குறைப்பதோ நிறுத்துவதோ எழுதிக்கொடுத்த மருத்துவரின் வேலை, அதுவும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நடப்பது என்று அதில் தெளிவாக இருக்கட்டும்.

மனச்சோர்வைக் கற்பிப்பதென்றால் ஆறு வகையையும், நாக்கு, நாடி, கேள்விகளோடு கற்பியுங்கள். மேற்பார்வையில் ஊசி போட்டுப் பழகாத எவருக்கும் இதற்கான சான்றிதழ் தராதீர்கள். அவ்வளவு நேரம் இல்லை என்றால் பாடத்தையே எடுத்துவிடுங்கள். அரைப்பக்கமாக வைத்திருப்பதைவிட அது நல்லது. மரத்தையும் உலோகத்தையும் அவற்றின் இடத்தில் திரும்ப வையுங்கள்.

முதல் அமர்வுக்கு முன் ஒவ்வொரு நோயாளிக்கும் மனச்சோர்வை 0 முதல் 27 வரை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தை (பி.எச்.க்யூ-9) நிரப்பவைக்கும் பழக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். பத்துக்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுத் துணையாக மட்டும் தொடரட்டும். ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு பதில் வந்தால் அன்றைக்கு ஊசிப்பெட்டியைத் திறக்கக்கூடாது. நோயாளியைத் தனியே விடாமல், வீட்டில் ஒருவரை அழைத்து, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை ஒவ்வொரு சிகிச்சை அறைச் சுவரிலும், படுக்கையிலிருந்து கண்ணில் படும் உயரத்தில் ஒட்டச்செய்யுங்கள்.

இந்தத் திருத்தங்களோடு கூடிய பாடப்பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் நாங்கள் எழுதித்தருகிறோம், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஊசிமுறை அக்குபங்சர் கற்பிக்கும் பயிற்றுநர்கள் சிலர்